தின்றதும் கக்கும் பூனை: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

எங்கள் பகுதியில் யார் வீட்டுக்காவது புதிதாகப் பூனை வந்தால், கொஞ்ச நாளில் அந்த வீட்டுப் பிள்ளை என்னைத் தேடி வரும். "பாட்டி, தின்ன கையோட கக்கிடுது. பிராண்டை மாத்திப் பாக்கட்டுமா?" எல்லாருக்கும் இதே கேள்விதான். ஆனால் ஒரு வீட்டில் அவசரமாகத் தின்பது காரணம், இன்னொரு வீட்டில் வயிற்றுப் பூச்சி, மூன்றாவது வீட்டில் நாக்குக்கு அடியில் மாட்டிய நூல். காரணம் தெரியாமல் தீனியை மாற்றிக்கொண்டே போனால் பணமும் நாளும்தான் வீண். நான் டாக்டர் இல்லை. ஆயுசு முழுக்கப் பூனைகளோடு இருந்தவள்; டாக்டர்களை நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதல் மூன்றைக் கட்டாயம் படியுங்கள். மற்றது உங்கள் வீட்டு நிலைமைக்குத் தக்கபடி.

1. "பூனைன்னா கக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், பூனை விற்கிறவர் சொல்வார், வீடு நிறையப் பூனை வைத்திருப்பவரும் சொல்வார். புல்லைத் தின்றுவிட்டு எப்போதாவது ஒரு தடவை கக்கினால் பரவாயில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என்று மாதக்கணக்கில் நடந்தால் அது சுபாவம் இல்லை, நோயின் அறிகுறி. 2013-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் காரி நார்ஸ்வொர்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாள்பட்ட வாந்தி, பேதி, எடைக்குறைவு என்று வந்து, ஸ்கேனில் சிறுகுடல் சுவர் தடித்துத் தெரிந்த 100 பூனைகளின் குடலிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். 99 பூனைகளுக்குக் குடல்நோய் இருந்தது. ஏற்கெனவே ஸ்கேனில் கோளாறு தெரிந்த பூனைகள் அவை. கக்குகிற பூனைக்கெல்லாம் குடல்நோய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் "எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதற்கு இனி நமக்கு உரிமை இல்லை.

2. துடைப்பதற்கு முன்னால் பாருங்கள். அருவருப்பாக இருந்தாலும் குனிந்து பாருங்கள். தரையில் கிடக்கிறதே, அதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

முதலில், எப்படி வந்தது? உண்மையான வாந்தி என்றால் பூனை முன்கூட்டியே தெரிவித்துவிடும். உதட்டை நக்கும், எச்சில் ஊறும், ஓரிடத்தில் நிற்காமல் அலையும், அப்புறம் வயிறு உள்ளே இழுத்து இழுத்து ஓங்கரிக்கும். இன்னொரு வகை எதுக்களிப்பு. அதில் ஓங்கரிப்பே இருக்காது. தின்று முடித்துத் தலையைக் குனியும், தின்றது அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து விழும். சில சமயம் உணவுக்குழாயின் வடிவத்தில், நீளமாக, குழைந்தும் குழையாமலும் இருக்கும். சாப்பாடு வயிற்றுக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒருமுறையாவது போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். அரை நிமிட வீடியோ டாக்டருக்குப் பத்து நிமிடப் பேச்சை மிச்சமாக்கும்.

அடுத்து, எப்போது? தின்ற சில நிமிடங்களில் கிபிள், அதாவது உலர் தீனி மணிகள், முழுசு முழுசாக வந்தால் பெரும்பாலும் அவசரத் தீனி அல்லது எதுக்களிப்பு. காலையில் தின்றது ராத்திரி செரிக்காமல் வந்தால் வயிறு காலியாவதில் தடை இருக்கிறது. விடிகாலையில் வெறும் மஞ்சள் தண்ணீர் வந்தால் அது பித்தம். வயிறு வெகுநேரம் காலியாகக் கிடந்திருக்கலாம். கடைசியாக, என்ன வந்தது? முடியா, புழுவா, பிளாஸ்டிக்கா, இலையா? ரத்தச் சிவப்பு எல்லாருக்கும் தெரியும். காப்பிப் பொடியைக் கரைத்த மாதிரி பழுப்பாக வந்தால் அதுவும் ரத்தம்தான், வயிற்றில் தங்கிச் செரித்த ரத்தம்.

காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு 'வா' போட்டு, நேரத்தையும் என்ன வந்தது என்பதையும் இரண்டு சொல்லில் குறித்து வையுங்கள். "அடிக்கடி கக்குது டாக்டர்" என்பதைவிட அந்தக் காலண்டர் தாள் அதிகம் பேசும்.

3. கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஒரு நாளில் பல தடவை வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை. வாந்தியில் ரத்தம். வயிறு உப்பிக்கொண்டு, தொட்டால் சீறுகிறது. ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருக்கிறது. வாயிலிருந்தோ பின்னாலிருந்தோ நூல் தொங்குகிறது. எலி மருந்து, மனித மாத்திரை, லில்லிப் பூ என்று எதையோ தின்றிருக்கிறது. லில்லியை அழுத்திச் சொல்கிறேன். இப்போது பூங்கொத்துகளில் சகஜமாக வருகிறது. அதன் மகரந்தம் மேலே ஒட்டி அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். முதல் அறிகுறி வாந்திதான்.

கடுவன் பூனை கக்குகிறது, கூடவே மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடாதீர்கள். மூத்திரம் அடைத்திருக்கும். கடுவனுக்கு மூத்திரக் குழாய் குறுகல். அடைப்பு நீங்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். "காலையில பாத்துக்கலாம்" என்கிற பேச்சே கூடாது.

தடுப்பூசி போடாத குட்டி கக்கிச் சோர்ந்து சுருண்டு படுத்தாலும் அப்படித்தான். பான்லூக்கோபீனியா என்கிற பூனைக் கொள்ளைநோய் குட்டிகளை ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும். அந்த வைரஸ் வீட்டுக்குள் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட, உயிரோடு கிடக்கும். ஒரு குட்டி அதில் போன வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவி, நன்றாக அலசிக் காயவிடுங்கள். அடுத்து வரும் குட்டிக்கு முதலில் தடுப்பூசி, அப்புறம் வாசல்.

4. இனி நிதானமாகப் பேசலாம். புதியவர்கள் வீட்டில் நான் அதிகம் பார்ப்பது அவசரத் தீனி. தெருவிலிருந்து வந்த குட்டி, கூடப் பிறந்தவற்றோடு அடித்துப் பிடித்துத் தின்று பழகியது, கிண்ணத்தைக் கண்டதும் மெல்லாமல் விழுங்கும். விழுங்கிய வேகத்தில் திரும்பி வரும். வந்ததையே மறுபடி தின்னும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

வேட்டையாடித் தின்னும் பூனைக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்பது ஒரு சுண்டெலி. அதில் சுமார் 30 கலோரி இருக்கும். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். ஆக, சின்னச் சின்னதாகப் பல வேளை தின்னப் படைக்கப்பட்ட வயிறு அது. நாம் ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் காலையில் ஒரு கிண்ணம் நிறையக் கொட்டிவிட்டு, ராத்திரி வந்து இன்னொன்று கொட்டுகிறோம். நாலு கிலோ பூனைக்கு உலர் தீனி நாளொன்றுக்கு 60 கிராம் அளவுதான். பாக்கெட்டின் பின்னால் அளவு போட்டிருக்கும். அதை ஐந்தாறு பங்காக்குங்கள். பகலில் வீட்டில் ஆளில்லையென்றால் நேரம் வைத்துத் திறக்கும் பெட்டிகள் கிடைக்கின்றன.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் வீட்டிலேயே வழி இருக்கிறது. பழைய இட்லித் தட்டு ஒன்றை எடுத்து, குழிக்கு ஏழெட்டுக் கிபிளாகப் போட்டு வையுங்கள். ஒரு குழியை முடித்து அடுத்த குழிக்கு மூக்கைக் கொண்டுபோய், விளிம்பில் சிக்கியதை நாக்கால் தள்ளி எடுத்து, நடுவில் நிமிர்ந்து உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனியும். அரை நிமிடத்தில் முடிந்த சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஈரத் தீனி என்றால் தட்டில் மெல்லிசாகத் தடவி விடுங்கள். இட்லித் தட்டுக்கே நின்றுபோன வாந்திகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மூன்று பூனை இருந்தால் தட்டுகளைத் தள்ளி வையுங்கள், முடிந்தால் வேறு வேறு அறையில். பக்கத்துத் தட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தின்னும் பூனை நிதானமாகத் தின்னாது. பயந்த பூனைதான் அவசரமாகத் தின்னும் என்று நினைப்போம். பல வீடுகளில் மிரட்டுகிற பூனைதான் தன்னுடையதை விழுங்கிவிட்டு அடுத்த தட்டுக்குப் பாயும்.

5. தீனியை மாற்றினால் மெதுவாக மாற்றுங்கள். பழையதில் கால்பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கக்குகிறது என்று திங்கட்கிழமை ஒரு பாக்கெட், வியாழக்கிழமை இன்னொரு பாக்கெட் என்று மாற்றினால், மாற்றமே வாந்திக்குக் காரணமாகிவிடும். அப்புறம் எது எதனால் என்று யாருக்கும் புரியாது.

மூட்டையைப் பிரித்து எடை போட்டு விற்கும் லூஸ் தீனியை நான் வாங்குவதில்லை. எத்தனை நாளாகத் திறந்து கிடக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. நம்மூர்ப் புழுக்கத்தில் அதிலுள்ள கொழுப்பு காறிப்போகும், பூஞ்சை பிடிக்கும். வாங்கிய பாக்கெட்டையும் பாக்கெட்டோடு டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். ஈரத் தீனியைக் கத்திரி வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். எறும்பு மொய்த்தால் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தைச் சுற்றிச் சாக்பீஸ் மருந்து கோடு கிழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூனை அதை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

6. முடி. பூனையின் நாக்கு சொரசொரப்பாக இருப்பதற்குக் காரணம் பின்பக்கமாக வளைந்த சின்னச் சின்ன முட்கள். நக்கும்போது சிக்கிய முடியைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மிச்சம் சுருண்டு எப்போதாவது வெளியே வரும். விரல் நீளத்துக்கு ஈரமாக விழுவதைப் பார்த்துப் புதியவர்கள் மலம் என்றே நினைப்பார்கள். பெர்சியன் வளர்க்கிறவர்கள் தினமும் சீவத்தான் வேண்டும். முடியாது என்றால் நாட்டுப் பூனையே வளர்த்திருக்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. கக்கியதில் நாலு முடி கிடந்தவுடன் "ஹேர்பால்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். பூனை வயிற்றிலிருந்து எது வந்தாலும் அதில் முடி இருக்கும். குட்டை முடிப் பூனை வாராவாரம் முடி கக்கினால், குடல் சரியாக நகரவில்லை, அல்லது அரிப்பினால் அளவுக்கு மீறி நக்குகிறது என்று பொருள். உண்ணி, தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் நாய்க்கு விடும் தெள்ளு மருந்தைப் பூனைக்கு விட்டுவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும்.

7. பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா? "கடையில குடுத்த சொட்டு ஒருதடவை விட்டோம்" என்பது பதில் ஆகாது. உருண்டைப் புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். வேகவைத்த சேமியா மாதிரி வாந்தியில் நெளிவது அதுதான். நாடாப்புழு தெள்ளுப்பூச்சியிலிருந்து வரும். வாலடியில் அரிசி மணி போல ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. குட்டிக்குப் பல தவணை கொடுக்க வேண்டும், அதுவும் எடை பார்த்து. மண் தட்டைச் சுத்தம் செய்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த உருண்டைப் புழுவின் முட்டை சின்னப் பிள்ளைகளுக்கும் கேடு செய்யும்.

8. நூல். எனக்கு எல்லாவற்றையும்விட இதில்தான் பயம். மல்லிகைச் சரத்தைத் தலையிலிருந்து எடுத்து மேசை மேல் வைப்போம். பூ வாடிவிடும், நூல் பூனைக்கு விளையாட்டுச் சாமான். தையல் மிஷினுக்கடியில் ஊசியோடு விழுந்த நூல், பார்சல் கட்டிவந்த நைலான், கறி வாங்கிவந்த பையின் கட்டு, கொலுவுக்குத் தொங்கவிட்ட ஜிகினா, சடைக்குப் போடும் ரப்பர்பேண்ட், எல்லாம் இந்தக் கணக்கில்தான். நாக்கு முள் பின்பக்கமாக வளைந்திருப்பதால் வாய்க்குள் போன நூலைப் பூனையால் வெளியே தள்ள முடியாது. ஒரு முனை நாக்கடியில் சுற்றிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அதைத் தள்ளத் தள்ள, நாடா இழுத்த பாவாடை மாதிரி குடலே சுருங்கி மடியும். நூல் இறுகி குடலை அறுத்துவிடும்.

அதனால்தான் தொங்கும் நூலைப் பிடித்து இழுக்கவே கூடாது என்கிறேன். வெட்டவும் வேண்டாம். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள். திடீரென்று கக்க ஆரம்பித்த இளம் பூனையின் வாயைத் திறந்து நாக்கடியைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேட்கலாம். தாடைக்குக் கீழே கட்டைவிரலால் மெல்ல மேலே அழுத்தினால் நாக்கு எழும்பும், அடிப்பகுதி தெரியும். வெள்ளை நூல் சிவந்த சதைக்குள் புதைந்து ஒரு கோடு மாதிரிதான் இருக்கும். அவசரத்தில் பார்த்தால் தவறிவிடும்.

9. பல்லி பிடித்துத் தின்கிற பூனையா? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வெப்பமண்டல நாடுகளில் பல்லி வழியாகப் பூனையின் பித்தக்குழாய்க்குள் போய்க் குடியேறும் ஒரு தட்டைப்புழு உண்டு. வாந்தி, பசியின்மை, எடைக்குறைவு, மஞ்சள் காமாலை என்று வரும். சாதாரணப் பூச்சி மருந்து அளவுக்கு அது மசியாது. "இது பல்லி தின்னும்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

10. பால் வேண்டாம். குட்டிப் பருவம் தாண்டினால் பெரும்பாலான பூனைக்குப் பால் செரிக்காது. தண்ணீர் வையுங்கள்.

11. வீட்டுச் சாப்பாடு போடுகிறவர்களுக்கு. மீன் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய மீன், கழுவாத மீன் என்று வித்தியாசம் கிடையாது. வெங்காயமும் பூண்டும் வெந்த குழம்பின் சாறு அதில் ஊறியிருக்கும். அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உப்பு, புளி, காரம் போடுவதற்கு முன்பே பூனையின் பங்கைத் தனியாக எடுத்து வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். கருவாடு வேண்டவே வேண்டாம், அத்தனையும் உப்பு. பச்சை மீனையே தினம் போட்டால் சில மீன்களில் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். பசி போகும், வாந்தி வரும், முற்றினால் தலை தொங்கும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். கோழி எலும்பை, வெந்ததைக் குறிப்பாக, போடாதீர்கள்.

தயிர் சாதம் தின்று பதினைந்து வருஷம் வாழ்ந்த பூனையின் கதை எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கும். அந்தப் பூனை மதிலுக்கு அந்தப் பக்கம் போய் எலி தின்றது கதையில் வராது. டாரின் என்கிற சத்து பூனையின் உடம்பில் போதிய அளவு உற்பத்தி ஆகாது, மாமிசத்திலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்துவிடும் என்று 1987-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து பால் பியான் குழுவினர் எழுதினார்கள். அதன் பிறகுதான் கம்பெனிகள் பூனைத் தீனியில் டாரின் அளவைக் கூட்டின. மாடி வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்குத் தயிர் சாதம் சாப்பாடு ஆகாது.

12. உங்கள் மாத்திரை டப்பாவைப் பூனைக்குத் திறக்காதீர்கள். பாரசிட்டமால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதைச் செரித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. அதே காரணத்தால்தான் ஃபினாயிலும் ஆகாது. பூனை கக்கிய இடத்தை நாற்றம் போகட்டும் என்று ஃபினாயில் ஊற்றித் துடைப்போம். ஈரம் காய்வதற்குள் பூனை அதில் நடந்து பாதத்தை நக்கும். வாய் புண்ணாகும், எச்சில் வடியும், மறுபடி கக்கும். நாமும் மறுபடி ஃபினாயில் ஊற்றுவோம். சோப்புத் தண்ணீர் போதும்.

வாந்தியை நிறுத்தும் மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. குடலில் நூல் கிடக்கும்போது வாந்தியை மட்டும் நிறுத்தினால் இரண்டு நாள் வீணாகும்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சளிக்காகக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாதிரியான மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணாக்கும். ஆறும்போது குழாய் குறுகிவிடும். அப்புறம் தின்றதெல்லாம் எதுக்களித்து வரும். எந்த மாத்திரை கொடுத்தாலும் பின்னாலேயே சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர், அல்லது ஒரு வாய் ஈரத் தீனி. புதிதாக எதுக்களிப்பு ஆரம்பித்தால் போன மாதம் என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள்.

13. பட்டினி போடாதீர்கள். நாய்க்கு ஒரு நாள் வயிற்றைக் காயப்போடுவார்கள். அதைக் கேட்டுப் பூனைக்கும் செய்கிறவர்கள் உண்டு. பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே நின்றுவிடும். ஒருதடவை கக்கியது என்றால் சில மணி நேரம் விட்டு, வேகவைத்த கோழியை உப்பில்லாமல் பிய்த்து ஒரு ஸ்பூன் கொடுங்கள். தங்கினால் கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஸ்பூன். குட்டிக்கு அந்தச் சில மணி நேர இடைவெளிகூட வேண்டாம்.

14. எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு மிஷினில் ஏறுங்கள், இறக்கிவிட்டு மறுபடி ஏறுங்கள், கழியுங்கள். நாலு கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு. முடி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கக்கினாலும் எடை நிலையாக இருக்கிற பூனைக்கு யோசிக்க அவகாசம் இருக்கிறது. கக்கிக்கொண்டே இளைக்கிற பூனைக்கு இல்லை.

15. எட்டுப் பத்து வயதுக்கு மேற்பட்ட பூனை புதிதாகக் கக்க ஆரம்பித்தால் இட்லித் தட்டு, சீப்பு எல்லாம் அப்புறம். முதலில் ரத்தப் பரிசோதனை. நிறையத் தண்ணீர் குடித்து, மண் தட்டில் பெரிய பெரிய கட்டியாக மூத்திரம் போனால் சிறுநீரகமாக இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். எந்நேரமும் பசி பசி என்று கத்தித் தின்றும் இளைத்தால் தைராய்டு. "வயசானாலும் என்ன சுறுசுறுப்பு பாருங்க" என்று அந்த வீட்டில் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். தைராய்டு அளவு சொல்லும் டி4 பரிசோதனையை நீங்களே கேட்டு எடுங்கள்.

16. எங்கே கொண்டுபோவது? பக்கத்து மாட்டாஸ்பத்திரியை இளக்காரமாக நினைக்காதீர்கள். பூச்சி, தடுப்பூசி, சாதாரண வாந்திக்கு அங்கே போகலாம். ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவை என்று வந்தால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் இருப்பது 1903-ல் தொடங்கிய கல்லூரி. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஒரு நாய் குரைத்தால் தோளைக் கீறிவிட்டு ஓடிவிடும். மூடியுள்ள கூடையில், வீட்டுத் துணி ஒன்றைப் போட்டுக் கொண்டுபோங்கள். காலண்டர் தாள், வீடியோ, தீனிப் பாக்கெட்டின் போட்டோ, கொடுத்துவரும் மருந்துகளின் அட்டை, இவை உங்கள் கையில் இருக்கட்டும்.

17. எல்லாம் பார்த்தாயிற்று. பூச்சி இல்லை, அடைப்பு இல்லை, ரத்தம் சரி. இருந்தும் வாரம் இரண்டு தடவை கக்குகிறது. இந்த இடத்தில்தான் தீனி மாற்றம் என்பது வைத்தியம் ஆகிறது. இதுவரை தின்றறியாத மாமிசம், அல்லது புரதத்தை நுணுக்கி உடைத்துச் செய்த மருத்துவத் தீனி, டாக்டர் சொல்வது எதுவோ அதை மட்டும் இரண்டிலிருந்து நாலு வாரம் கொடுக்க வேண்டும். பூனைக்கு ஒவ்வாத புரதங்களில் மாடு, மீன், கோழி மூன்றும் முன்வரிசையில் இருக்கின்றன. நாம் பூனைக்குப் போடுவது பெரும்பாலும் பின்னிரண்டும்தான். குடல் சம்பந்தப்பட்ட ஒவ்வாமை என்றால் இரண்டு வாரத்திலேயே வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம்.

"மட்டும்" என்றால் மட்டும். தாத்தா தன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீன் போட்டால் கணக்கு முதலிலிருந்து. இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் சாப்பாட்டு மேசைக்கு அடியில்தான். வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள், வேலைக்கு வரும் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

அதிலும் நிற்கவில்லை என்றால் ஸ்கேன், தேவைப்பட்டால் குடல் சதைப் பரிசோதனை. குடல் அழற்சி என்று வரலாம், மெதுவாக வளரும் லிம்ஃபோமா என்கிற புற்றுநோயாகவும் வரலாம். பெயரைக் கேட்டு உடைந்துபோகாதீர்கள். மெதுவாக வளரும் வகை என்றால் மாத்திரையிலேயே இரண்டு வருஷமும் அதற்கு மேலும் நன்றாகத் தின்று, விளையாடி இருக்கும் பூனைகள் உண்டு. வைட்டமின் பி12 குறைந்திருந்தால் ஊசி போடுவார்கள், அதிலேயே பசி திரும்பும். ஸ்டீராய்டு என்றால் பூனைக்குப் பிரெட்னிசோலோன். பெயர் ஒத்திருக்கிறதே என்று மருந்துக் கடையில் பிரெட்னிசோனை மாற்றித் தந்தால் வாங்காதீர்கள், பூனையின் உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. பத்து நாள் கக்கவில்லை என்றதும் "குணமாயிடுச்சு" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த அட்டையை வாங்கி வையுங்கள், எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்கிற மருந்து இல்லை அது.